மன்னர் மூக்கில் நுழைந்த மருந்து

செங்கமங்கலத்தை ஆண்ட வீரகேசரி மகாராஜாவுக்கு ஒரு வாரமாகக் கடைவாய்ப் பல்வலி. தூக்கமே இல்லை. கண்ணில் பட்டவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தார். அரண்மனை வைத்தியர் அகோரபண்டிதர் அபின் சேர்த்த லேகியம் ஒன்றைக் கொடுத்து, "மிளகளவு போதும், மகாராஜா" என்று சொல்லிவிட்டுப் போனார். மகாராஜா நெல்லிக்காய் அளவு விழுங்கிவிட்டார்.

மறுநாள் உச்சிப்பொழுதாகியும் எழவில்லை. முரசு கொட்டினார்கள். கொம்பு ஊதினார்கள். குறட்டைகூட வரவர இறங்கிக்கொண்டே போயிற்று. வாசலிலோ பக்கத்து நாட்டுத் தூதர், "மாலைக்குள் மன்னர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாவிட்டால் சண்டைதான்!" என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தார். "மாற்று மருந்து இருக்கிறது. அபின் மயக்கத்தை முறித்துவிடும். ஆனால்..."

ஆனால், கட்டிலருகே உருவிய வாளோடு தளவாய் செண்பகராமன் நின்றார். "உத்தரவில்லாமல் மன்னர் வாயில் மருந்து போடுகிறவன் தலை போகும். பாட்டனார் காலத்துச் சட்டம்!" என்றார். சண்டை வந்தால் சேனை முழுக்க அவர் கையில். அதனால் சட்டத்தின்மேல் அவருக்கு அன்று அபார பக்தி.

அவைப் புலவர் கூத்தபிரானுக்குத் தன் தலைமேல் ஆசை உண்டு. மன்னரின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்ததும் அந்த ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தார்.

"தளவாய் ஐயா, சட்டத்தில் வாய் என்றுதானே இருக்கிறது?"

"ஆமாம், வாய்தான்! ஓர் எழுத்தும் பிசகக்கூடாது."

"வேண்டாம், பிசகவே வேண்டாம். வைத்தியரே, மூக்கில் விட்டால் கேட்குமா?"

"நசியமாகவா? பேஷாகக் கேட்கும்!"

தளவாய் சுதாரிப்பதற்குள் கூத்தபிரான் குப்பியை வாங்கி இரண்டு சொட்டு விட்டுவிட்டார். மன்னர் முகம் சுளித்தார். ஒரு தும்மல் போட்டார். தளவாயின் தலைப்பாகை சரிந்தது. ஒன்பதாம் தும்மலில் மன்னர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்!

"லேகியம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, மறுபடி கண் செருகும்" என்று வைத்தியர் அவசரப்படுத்த, உடன்படிக்கை உடனே கையெழுத்தாயிற்று. தூதர் போனதும் மன்னர் உறுமினார்.

"என் உத்தரவில்லாமல் அரச காரியத்தில் மூக்கை நுழைத்தது யார்?"

தளவாய் ஆவலோடு கூத்தபிரானைக் காட்டினார்.

கூத்தபிரான் கும்பிட்டார். "மகாராஜா, அரச காரியத்தில் நான் மூக்கை நுழைக்கவில்லை. அரசர் மூக்கில்தான் காரியத்தை நுழைத்தேன்!"

மன்னர் பல்வலியையும் மறந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டார். தளவாயையும் சும்மா விடவில்லை. மன்னர் மறுபடி மயங்காமல் பக்கத்திலேயே நின்று, நாழிகைக்கொரு தரம் மூக்கில் சொட்டு விட்டு, ஒவ்வொரு தும்மலுக்கும் "தீர்க்காயுசு" சொல்லும் உத்தியோகத்தை அவருக்குக் கொடுத்தார்.