செம்பவளம் வீட்டு முறம்

படுத்துக்கோ எழிலு. சித்தி கதை சொல்றேன், நீ "ம்" கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு செம்பவளம் இருந்தா. ஊருன்னா வெளிய இல்லடா, உன் ரத்தத்துக்குள்ள. பேருதான் செம்பவளம், அவ ஒரு வெள்ளை அணு. ஆபத்துன்னா காவக்காரங்களைக் கூவிக் கூப்பிடுறவ அவதான். அந்த ஊர்ல ஒரு வழக்கம். வீட்டுக்குள்ள இருக்கிறதுல ஒரு துணுக்கை முறத்துல வச்சு வாசல்ல தொங்கவிடணும். வேத்து ஆளோட துணுக்கு தெரிஞ்சா காவக்காரன் திருடனோட சேத்து வீட்டையே கொளுத்திடுவான்.

"ம்."

அப்புறம் ஒரு நாள், டொக் டொக். தெரிஞ்சவன் மாதிரி தட்டினான் எச்.ஐ.வி-ங்கிற திருடன். செம்பவளம் திறந்துட்டா! அவன் கூடவே மூணு எடுபிடிங்க. அவன் கையில ஒரு அச்சு. அதை வச்சு தன்னை மாதிரியே ஆயிரம் திருடனை வார்த்துடுவான்.

அவ வீட்டுல ஒரு அணில் இருந்துது. வேத்து அச்சைக் கண்டா கறுக் கறுக்குனு கடிச்சுக் கோணலாக்கிடும். அப்போ முதல் எடுபிடி அணிலைக் கபக்குனு பிடிச்சுக் குப்பையில தள்ளிட்டான்.

"ம்."

சரி, முறம் காட்டிக்கொடுக்கும், வீடு எரிஞ்சாலும் ஊரு பொழைக்கட்டும்னு நினைச்சா. ரெண்டாவது எடுபிடி முறத்தை வழிச்சு எடுத்துட்டான். மொத்தமா காலியா இருந்தா சந்தேகம் வருமே? ரெண்டு பழைய துணுக்கை மட்டும் விட்டுவச்சான், பாவி! காவக்காரன் எட்டிப் பாத்துட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு போயிட்டான். உள்ள அவ கத்துறா, குரலே எழும்பல.

அப்புறம், வெளிய ஓடுறவன் பச்சக்குனு ஒட்டிக்கட்டும்னு நிலைப்படியில பலாப்பாலு தடவியிருந்தா. மூணாவது எடுபிடி அதையும் சரக் சரக்குனு சுரண்டிட்டான். அப்போ கிளம்பினானுங்க பாரு, சர்ர்ருனு, அடுத்த வீட்டுக்கு!

"ம்."

அன்னிக்கு ஊரைக் காப்பாத்தினவர் பூட்டு ஆசாரி. அச்சை உள்ள வச்சு சடக்குனு பூட்டினார். திருடன் சாகல, முடங்கிக் கிடக்கான். ஆனா அந்தப் பூட்டு மறுநாள் வரைக்கும்தான் தாங்கும். அதனால ஆசாரி தினம் வரணும். இன்னிக்கு இன்னும் காணோம். செம்பவளம் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. பூட்டு நெகிழுது. கிர்ர்... கிர்ர்...

ஆசாரி எங்க தெரியுமா? உன் இடது கன்னத்துல.

ஏன்டா, இப்ப "ம்" வரல? மாத்திரை குடுத்ததுலேர்ந்து நீ வாயே திறக்கல. உங்கம்மாவும் இப்படித்தான் ஒதுக்கி ஒதுக்கித் துப்பினா.

இந்தா தண்ணி. முழுங்கு. மடக்... ஆ காட்டு. நாக்கைத் தூக்கு.

"கசக்குது சித்தி."

கசக்கட்டும் கண்ணு. கேட்டுதா? சடக்! பூட்டு விழுந்துடுச்சு. செம்பவளம் கண்ணை மூடிட்டா, கதையும் கண்ணை மூடிடுச்சு, நீயும் மூடிக்கோ.