பிரிச்சுச் சேர்த்த வடம்

ஒரு ஊர்ல ஒரு கயிறுக்காரி இருந்தா. கடக்கரை ஊரு. அவ பேரு இஞ்ஞாசியம்மா. கேக்கியா பெனிட்டா? ம் கொட்டணும். நீ ம் கொட்டலன்னா பெரியம்மா அங்கனயே நிறுத்திருவேன்.

ஆங், அப்படி.

சாயங்காலம் பாடம் படிக்கையில ஸ்ப்ளைஸ்னா என்னன்னு கேட்டல்லா? சேக்கிறதுன்னு சொன்னேன். உனக்கு அது பத்தல. அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்ட. அது இந்தக் கதைக்குள்ள வரும், பாத்துட்டே இரு.

இஞ்ஞாசியம்மா தேங்கா மட்டையை ஊற வச்சு, அடிச்சு, நாரெடுத்து, கயிறு திரிப்பா. அவ மாமியா உக்காந்து ராட்டைச் சுத்துவா. கர்ர்ர், கர்ர்ர். இவ மடியில நாரைக் கட்டிக்கிட்டு, திரிச்சுக்கிட்டே பின்னால பின்னால நடப்பா. முன்னால பாத்து நடந்தத விட அவ பின்னால நடந்த தூரம் தான் சாஸ்தின்னு ஊரு கேலி பண்ணும். அவ புருசன் கஸ்பாரு தோணிக்குத் தண்டல். தண்டல்னா தோணிக்குத் தலைவன். அந்தக் காலத்துல பெரிய கப்பல் கரைக்கு வராது, ஆழம் பத்தாது. தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும். தோணிக்காரங்க தான் போயி மூட்டை முடிச்ச ஏத்தி இறக்குவாவ.

ம்.

அப்புறம் ஒரு நாளு காலையில கஸ்பாரும் இன்னும் ஆறு பேரும் கப்பலுக்குப் போயிட்டுத் திரும்புதாவ. திடீர்னு காத்து மாறிட்டு. ஹோ...ன்னு ஒரு காத்து. பாயி டர்ர்ர்னு கிழிஞ்சுது. தோணிய அலை அப்படியே தூக்கிட்டுப் போயி கடலுக்குள்ள இருக்கிற பாறை மேல வச்சுது. தும்! அடி தட்டிப் போச்சு. முன்னாலயும் போவாது, பின்னாலயும் போவாது. ஒவ்வொரு அலைக்கும் தும், தும்னு இடிக்குது.

ஊரே கடல் பாலத்துக்கு, அதான் சரக்கு இறக்க கரையிலேருந்து கடலுக்குள்ள நீட்டிக் கட்டுன பாலத்துக்கு ஓடிச்சு. பாலத்து முனையில நின்னா தோணி நல்லாத் தெரியுது, ஆளு முகம் தான் தெரியல. வேற தோணிய எடுத்துட்டுப் போலாம்னா அந்தப் பாறைக்கிட்ட எதுவும் அண்ட முடியாது. அப்போ தொம்மை மேஸ்திரின்னு ஒருத்தரு, பாலத்துல வேலை பாக்கிற ஆளுங்களுக்குப் பெரியவரு, அவரு சொன்னாரு: "உச்சிப்பொழுது வர கடல் ஏறும். அதுக்குள்ள வடம் போட்டு இழுத்தோம்னா தோணி பாறைய விட்டு வந்துரும். கடல் வத்த ஆரம்பிச்சா அது அங்கனயே உடைஞ்சு போவும்."

உடைஞ்சா ஏழு பேரும் போயிருவாவ.

அப்போ தோணியில இருந்தவங்க நல்ல காரியம் ஒண்ணு செஞ்சாவ. வெறும் பீப்பாயில மெல்லிசா ஒரு கயித்தக் கட்டிக் கடல்ல விட்டாவ. காத்து கரைப் பக்கம் அடிக்கில்லா? டொளுக்கு டொளுக்குனு பீப்பா மிதந்து பாலத்துக்கு வந்துச்சு. இவங்க அந்த மெல்லிசுக் கயித்துல தடி வடத்தக் கட்டுனாவ. தோணிக்காரங்க இழுத்தாவ. வடம் போவுது, போவுது... பாதி தூரம் தாண்டி நின்னுட்டு. நீளம் பத்தல. கை ரெண்டையும் விரிச்சா ஒரு பாகம். இன்னும் முப்பது பாகம் வேணும்.

இன்னொரு வடம் இருந்துச்சு. ரெண்டையும் சேக்கணும். அவ்வளவு தான் வேலை.

மேஸ்திரி தானே முடிச்சுப் போட்டாரு. காலை ஊணி இறுக்குனாரு. வடம் தோணிக்குப் போயிச் சேந்துச்சு. நாப்பது பேரு, ஆம்பளையும் பொம்பளையும், தேரு இழுக்கிற மாதிரி வரிசையாப் பிடிச்சாவ. ஐலசா! ஐலசா! தோணி லேசா அசைஞ்சுது. இன்னும் ஒரு இழுப்பு. சர்ர்ர்ர்! நனைஞ்ச கயிறுல்லா, முடிச்சு வழுக்கி உருவிட்டு. நாப்பது பேரும் மல்லாக்க விழுந்தாவ. தோணி மறுபடியும் பாறையில தும்.

ம் கொட்டு. தூங்கிட்டியா? இல்லயா, சரி.

அப்புறம் தோணிக்காரங்க அவங்க பக்கத்து வடத்த உள்ள இழுத்து, ஒரு நுனியில பீப்பாயும் மறு நுனியில மெல்லிசுக் கயிறும் கட்டி, திரும்ப விட்டாவ. ஒரு மணி நேரம் போச்சு. இந்த வாட்டி மேஸ்திரி முடிச்சு மேல முடிச்சா ரெட்டையாப் போட்டு, சணலு வச்சு வரிஞ்சு கட்டுனாரு. தேங்கா அளவு பெருசு. "இனி எவன் வந்தாலும் அவுக்க முடியாது"ன்னாரு. நெசம் தான், அவிழல. ஐலசா! தோணி கிர்ர்ரீச்சுனு ஒரு முழம் நகந்துச்சு. அப்போ தான், பாலத்துக்கும் தோணிக்கும் நடுவுல தண்ணிக்குள்ள ரெண்டு பாறை இருந்துச்சு, அதுக்கு இடையில ஒரு சந்து, அந்த முடிச்சு அதுல போயி மாட்டிக்கிட்டு. டக்! இழுத்தா வரல. விட்டாலும் வரல. ஒரு அலை தோணியத் தூக்கி வெட்டி இழுத்துச்சு பாரு, படார்! முடிச்சை ஒட்டி வடம் அறுந்து போச்சு.

கஸ்பாரோட அம்மா, அதான் ராட்டு சுத்துற மாமியா, அப்படியே பாலத்துல உக்காந்துட்டா. அழல. கடலையே பாத்துட்டு உக்காந்திருந்தா.

திரும்பப் பீப்பா வந்துச்சு. சூரியன் நெத்திக்கு நேரா வரப் போவுது. மேஸ்திரி ரெண்டு நுனியையும் கையில வச்சுக்கிட்டு, "இன்னும் பெருசா முடியவா, சின்னதா முடியவா"ன்னு தனக்குத் தானே பேசுதாரு. சின்னதுன்னா உருவும். பெருசுன்னா மாட்டும்.

அப்போ இஞ்ஞாசியம்மா வந்து, "அண்ணாச்சி, இங்க கொடுங்க"ன்னு ரெண்டு நுனியையும் வாங்குனா.

வாங்கி என்ன செஞ்சா தெரியுமா? நல்லா முறுக்கேறி இருந்த வடத்தோட நுனிய, விறுவிறுன்னு பிரிக்க ஆரம்பிச்சா.

"ஏட்டி! என்ன செய்யுத?"ன்னு மேஸ்திரி கத்துனாரு. "இருக்கிறதே ரெண்டு வடம். அதையும் பிரிச்சுப் போடுதியா?"

"ஆமா அண்ணாச்சி, பிரிக்கேன்."

"புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? அங்க உம் புருசன் நிக்கான்!"

"அவரு நிக்காருன்னு தான் பிரிக்கேன். கயிறு திரிக்கையில நாரு தீந்து போனா நான் முடிச்சா போடுதேன்? நுனியப் பிரிச்சு, புது நாரை உள்ள விட்டு, மேல திரிக்கேன். நாருக்கு ஆகுறது வடத்துக்கு ஆவாதா?"

"இதுக்கு முந்தி வடத்துல செஞ்சிருக்கியா?"

"இல்ல."

பொய் சொல்லலாம்ல? சொல்லல. கை மட்டும் நிக்கல. மேஸ்திரி வடத்தப் பிடுங்க வந்தாரு. அப்போ தான் மாமியா எந்திரிச்சா. "தொம்மை, அங்க நிக்கது எம் மவன். அவ பிரிச்சான்னா சேத்துருவா. தள்ளி நில்லு"ன்னா. மேஸ்திரி தள்ளி நின்னுட்டாரு.

வடத்துக்குள்ள மூணு புரி இருக்கும், உன் சடையில மூணு கால் இருக்குல்லா, அது மாதிரி. அவ இந்த வடத்துல மூணு, அந்த வடத்துல மூணு பிரிச்சு, ரெண்டு கை விரலையும் கோக்கிற மாதிரி நேருக்கு நேரா கோத்தா. அப்புறம் இந்த வடத்துல ஒரு புரிய நீளமா உரிச்சு எடுத்தா. அது இருந்த பள்ளம் காலியாக் கெடக்குல்லா? அதுல அந்த வடத்தோட புரியப் பதிச்சு முறுக்குனா. ஒண்ணு வெளிய வர வர, இன்னொண்ணு அது எடத்துல போயி உக்காருது. ஒண்ணு வலப்பக்கம் போச்சு. ஒண்ணு இடப்பக்கம் போச்சு. மூணாவது நடுவுலயே நின்னுச்சு. ஆக மூணு எடத்துல நுனியும் நுனியும் சந்திக்குது. அந்த மூணையும் மெலிசாச் சீவி, கூரான கட்டையால புரியைத் தூக்கி, உள்ள உள்ள சொருகுனா.

சொல்லுதுக்கு லேசு. நனைஞ்ச வடம் கல்லு மாதிரி இருக்கும். அவ நகம் ரெண்டு பேந்து போச்சு. பல்லால கடிச்சு இழுத்தா. முதல் சொருகல் சரியா வந்துச்சு. ரெண்டாவது சரியா வந்துச்சு. மூணாவது கொஞ்சம் புடைச்சுக்கிட்டு நின்னுச்சு.

"போதும்மா, இழுப்போம்! கடல் வத்துது!"ன்னு எல்லாரும் கத்துதாவ.

"புடைச்சா மாட்டும்"னு சொல்லிட்டு, அந்த ஒண்ண மட்டும் உருவி எடுத்து, மறுபடியும் மொதல்லேருந்து சொருகுனா.

அவளுக்கு வடத்த இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு தெரியுமா? வெள்ளைக்காரன் ஒருத்தன், யாக்கோபு. அந்தக் கப்பல்ல சமையல்காரன். காய்கறி வாங்கக் கரைக்கு வந்தவன், காத்துல திரும்பிப் போவ முடியாம நிக்கான். அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் கத்திரிக்கா, கோழி, முட்டை, அப்புறம் தட்டுத்தடுமாறி இன்னும் கொஞ்சம் பேச்சு. அவன் இவ கையப் பாத்துட்டு, "ஸ்ப்ளைஸ்! ஸ்ப்ளைஸ்!"னு கத்துதான். என்னமோ ஏசுதான்னு நினைச்சுட்டாவ. மேஸ்திரி, "ஏய், வாய மூடும்!"னு ஒரு அதட்டு போட்டாரு.

ம்.

வடம் போச்சு. தோணியில கட்டுனாவ. இஞ்ஞாசியம்மாவே முன்னால முதல் ஆளா நின்னு பிடிச்சா. கையில ரத்தம். ஐலசா! வடம் விறைச்சுக்கிட்டு நின்னுச்சு. உருவல. ஐலசா! சேத்த எடம் பாறைச் சந்துக்கு வருது. வழுக்குனு உள்ள நுழைஞ்சு, வழுக்குனு வெளிய வந்துட்டு. ஐலசா! ஒரு பெரிய அலை தோணிக்கு அடியில போயி தூக்கிக் கொடுத்துச்சு. கிர்ர்ர்ர், தொபுக்கு! தோணி பாறைய விட்டு ஆழத்துக்கு வந்துட்டு. அப்புறம் என்ன, சர சர சரன்னு வருது கரைக்கு.

ஒருத்தர் ரெண்டு பேரா ஏறி வந்தாவ. கஸ்பாரு தண்டலுல்லா, கடைசியாத் தான் ஏறுனாரு. நெத்தியில காயம். உப்புத் தண்ணி குடிச்சுக் குடிச்சு குரல் கம்மிப் போச்சு. மொதல்ல அம்மா காலத் தொட்டாரு. அப்புறம் பொஞ்சாதி கையைத் திருப்பிப் பாத்தாரு. "என்னடி இது?"ன்னாரு. "வடம் கொஞ்சம் சொரசொரப்பு"ன்னா.

அப்புறம் எல்லாரும் சுக்காப்பி குடிக்கையில மேஸ்திரி யாக்கோபக் கேட்டாரு: "என்னவே கத்துனீரு அப்போ?"

"ஸ்ப்ளைஸ். இது பேரு. கப்பல்ல செய்வாங்க. நான் பாத்திருக்கேன், செய்யத் தெரியாது. கயிறு... சேர்."

"அப்போ ஸ்ப்ளைஸ்னா சேக்கிறதா?"ன்னு இஞ்ஞாசியம்மா கேட்டா.

"ஆமா, இங்கிலீஷ்ல சேர். ஆனா இது இங்கிலீஷ் வார்த்தை இல்ல. எங்க அம்மா ஒலாந்தாக்காரி, டச்சுக்காரி. அவ பாஷை. ஒலாந்தாக் கப்பல்காரன் சொல்லி, இங்கிலீஷ் கப்பல்காரன் எடுத்துக்கிட்டான். அம்மா பாஷையில ஸ்ப்ளிஸ்ஸென். அதுக்குள்ள இருக்கிறது..." சொல்லு சட்டுனு வரல அவனுக்கு. ஒரு துண்டுக் கயித்த எடுத்து நுனியப் பிரிச்சுக் காட்டுனான். "இது. இந்த வேலை. இங்கிலீஷ்ல ஸ்ப்ளிட்னு இருக்கே, பிளக்கிறது, அது இதுக்குச் சொந்தக்காரன்."

"என்னவே இது, சேக்கிறதுக்குப் போயி பிளக்கிறதுன்னா பேரு வப்பாவ?"ன்னு மேஸ்திரிக்கு ஒரே ஆச்சரியம்.

இஞ்ஞாசியம்மா சிரிச்சா. காலையிலேருந்து அப்போ தான் சிரிக்கா. "கயிறு வேலை தெரிஞ்சவன் எவனோ வச்ச பேரு அண்ணாச்சி"ன்னா.

மேஸ்திரி அந்த வடத்த எடுத்து விரலால தடவிப் பாத்தாரு. இங்கிட்டு ஒரு வாட்டி, அங்கிட்டு ஒரு வாட்டி. எங்க சேருதுன்னு அவரு விரலுக்குத் தட்டுப்படல. "பிடுங்க வந்தேன் பாரு தாயி"ன்னு மட்டும் சொன்னாரு. மறுநாளு அவரே வந்து ராட்டுக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, "எனக்கும் சொல்லிக் கொடு"ன்னாரு.

என்னது? கஸ்பாரு திரும்பக் கடலுக்குப் போனாராவா? போவாம? தோணியில இடிபட்ட பலகைய மாத்தி நாலாம் நாளே போனாரு.

அவ அழுதாளாவா? இல்லட்டி. அந்த நாலு நாளும் தோணியில இருந்த ஒவ்வொரு கயித்தையும் வெளிய எடுத்துப் போட்டு, பாகம் பாகமா விரலால ஓட்டிப் பாத்தா. நைஞ்ச எடத்த எல்லாம் வெட்டித் தூரப் போட்டா. நல்ல நுனியும் நல்ல நுனியும் பிரிச்சுச் சேத்தா. கஸ்பாரு, "நேரமாவுது, ஆளுங்க காத்திருக்காவ"ன்னாரு. "காத்திருக்கட்டும், இன்னும் ஒரு கயிறு பாக்கி"ன்னா. அந்த ஒண்ணையும் பாத்து முடிச்சு, சுருட்டி, அவரு கையில கொடுத்து, அதுக்கப்புறம் தான், "ம், போயிட்டு வாங்க"ன்னா.

தோணி கரைக்கு வந்தாச்சு, கதையும் கரைக்கு வந்தாச்சு. கண்ண மூடு, பெனிட்டா. ம் கொட்ட வேண்டாம், தூங்கு.