சிணுங்கிக்கல்லும் தூங்கப் போன தலைவனும்

கதை கேட்க வந்தவர்கள் முன்னால் வாருங்கள். தூங்க வந்தவர்கள் பின்னால் போய்த் தாராளமாகக் காலை நீட்டிக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை. இதுவும் தூக்கத்தைப் பற்றிய கதைதான்.

மலைகளுக்கு அரசர்கள் எல்லைக்கல் நடாத காலத்தில் செம்பொறை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர் மண்ணுக்கடியில் ஒரு கல் கிடைத்தது. பார்க்க வெல்லக்கட்டி மாதிரி இருக்கும். ஒரு கட்டியை அடுப்பில் வைத்தால் ஒரு தெருவுக்கே சோறு வெந்துவிடும். கொல்லன் உலை அதில் எரிந்தது, துறைமுகத்து விளக்கு அதில் எரிந்தது, அரண்மனை வெந்நீரும் அதில்தான் காய்ந்தது.

அந்தக் கல்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈரம் இருக்கும்வரை சாதுவாகக் கிடக்கும். காய்ந்துவிட்டால் பசித்த கைக்குழந்தை மாதிரி சிணுங்கத் தொடங்கும். உடனே தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். ஊற்றாவிட்டால் சத்தம் ஏறும், ஏறிக்கொண்டே போகும், பிறகு சட்டென்று நிற்கும். நின்ற மறுகணம் வெடிக்கும். அதனால் அதைச் சிணுங்கிக்கல் என்றார்கள்.

வெயில் பட்டால் அது சீக்கிரம் காயும். ஆகவே செம்பொறைக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் சுரங்கத்தில் இறங்கி, விடிந்ததும் ஏறி வந்தார்கள். நாம் உழைக்கும் நேரத்தில் அவர்கள் தூங்கினார்கள்.

வெட்டிய கல்லைச் சேர்த்துவைக்கும் நிலவறை ஊர் நடுவில் இருந்தது. அதன்மேல்தான் சுரங்கத் தலைவனின் வீடு. சரியாகச் சொன்னால், அவன் கட்டிலுக்கு நேர் கீழே கல் கிடந்தது. தலைமாட்டில் தரையில் ஒரு துளை, துளைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடங்கள். இரவுக் குளிரில் கல் காயாது; பகலில் அது சிணுங்கும் போதெல்லாம் தலைவன் எழுந்து துளையில் தண்ணீர் ஊற்றுவான். அவன் வீட்டைச் சுற்றித்தான் மற்ற எல்லோருடைய வீடுகளும். அவன் விழித்திருக்கும் தைரியத்தில் ஊர் தூங்கியது.

ஒவ்வொரு சாயங்காலமும் சுரங்கத்தின் வாயில் எல்லோரும் கூடுவார்கள். இறங்கும் முன் தலைவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"தூங்கினீங்களா தலைவரே?"

"எங்க தூங்கினேன்?" என்பான் தலைவன், கண் சிவக்க.

அதைக் கேட்டால் அவர்களுக்கு ஒரு நிம்மதி. சிரித்துக்கொண்டே கூடையை எடுப்பார்கள்.

பழைய தலைவர் கண்ணை மூடியபின் அவருடைய மருமகன் தித்தன் தலைவனானான். தித்தன் நல்ல உழைப்பாளி, பாறையைத் தட்டிப் பார்த்தே கல் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவான். ஆனால் அந்தக் கட்டில் அவனைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதை விரோதிக்கும் நினைக்கக் கூடாது. கண்ணை மூடினால் கீழே சிணுங்கும். ஊற்றிவிட்டு வந்து படுத்தால் மறுபடி சிணுங்கும். சிணுங்காத நேரத்தில் எப்போது சிணுங்குமோ என்று காது கீழேயே கிடக்கும். புரண்டு புரண்டு பாயே கிழிந்துபோயிற்று. சோறு இறங்கவில்லை. யார் பேசினாலும் எரிந்து விழுந்தான்.

இந்தச் சமயம் பார்த்துத் துறைமுகத்து வணிகன் ஒருவன் வந்தான். கல் இன்னும் வேண்டும், இரண்டு பங்கு வேண்டும் என்றான். நிலவறை நிரம்பி வழிந்தது. சிணுங்கலும் இரண்டு பங்காயிற்று.

வணிகன் தித்தனின் முகத்தைப் பார்த்தான். "ஏன் தலைவரே இப்படிக் கிடந்து சாகறீங்க? அந்த மேட்டு மேல ஒரு வீட்டக் கட்டுங்க. கல்லு மேல படுக்க உலகத்துல ஆளா இல்ல?"

தித்தனுக்கு அது காதில் தேன் வார்த்தது போல இருந்தது.

மேட்டில் வீடு எழுந்தது. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். தண்ணீர் மட்டும் கிடையாது, கீழே ஓடையிலிருந்து சுமக்க வேண்டும். கைக்குழந்தைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று ஊரில் சொல்லி, மனைவி செங்கோதையைத் தித்தன் அங்கே குடிவைத்தான். தான் மட்டும் பழைய வீட்டிலேயே படுப்பதாகச் சொன்னான். அது பொய். விடிந்ததும் ஊர் படுக்கப் போகும். தித்தன் பின்வாசல் வழியாக மேடேறிப் போய் மலைக்காற்றில் தூங்குவான். பொழுது சாயும் முன் இறங்கி வந்துவிடுவான். ஊரே தூங்கும் நேரத்தில் அவனை யார் பார்க்கப் போகிறார்கள்?

கட்டிலில் படுக்க, ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து ரகசியமாக ஓர் ஆளை அமர்த்தினான். அவன் படுத்ததும் குறட்டை விட்டான். கீழே மூலையில் ஒரு சின்னக் கட்டி வெடித்துக் கட்டிலின் கால் ஒடிந்தது. என்ன சத்தம் என்று சாயங்காலம் அக்கம்பக்கத்தார் கேட்டதற்கு, பூனை குடத்தை உருட்டிவிட்டது என்றான் தித்தன்.

அவனை அனுப்பிவிட்டு இரண்டாவது ஆளை அமர்த்தினான். அவனுக்குச் சிணுங்கல் பிடிக்கவில்லை. துளையில் வைக்கோலைத் திணித்து அடைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தான். இந்த முறை தரை விரிசல் விட்டது. மறுபடியும் பூனைமேல் பழி விழுந்தது.

அவனையும் அனுப்பிவிட்டு மூன்றாவது ஆளை அமர்த்தினான். இவன் கெட்டிக்காரன். காலையிலேயே எல்லாக் குடத்தையும் மொத்தமாகத் துளையில் கவிழ்த்துவிட்டு, ஓடையில் மீன் பிடிக்கப் போய்விட்டான். இது தித்தனுக்குத் தெரியாது. இவனைத்தான் நல்ல ஆள் என்று நம்பினான்.

அவர்கள்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கீழே இருந்தது அவர்கள் ஊர் இல்லை, சுற்றிப் படுத்திருந்தது அவர்கள் பிள்ளைகள் இல்லை.

சாயங்காலக் கேள்வி இருக்கிறதே, அதற்குத் தித்தன் ஒரு வழி கண்டுபிடித்தான். மேட்டிலிருந்து இறங்கும்போது சின்ன வெங்காயத்தை நசுக்கிக் கண்ணோரம் தடவிக்கொள்வான். கண் செக்கச்செவேல் என்று ஆகிவிடும்.

"தூங்கினீங்களா தலைவரே?"

"எங்க தூங்கினேன்?"

அவர்களும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத் தித்தனுக்கு முள்மேல் நிற்பது போல இருந்தது.

மேட்டு வீட்டில் முதலில் சில நாள் அடித்துப் போட்டது போலத் தூங்கினான். பிறகு அங்கேயும் பழைய கதை தொடங்கியது. கண்ணை மூடினால் காதுக்குள் மெல்லிய சிணுங்கல். எழுந்து உட்கார்ந்து கேட்டால் காற்றுதான். குழந்தைதான். படுத்தால் மறுபடி சிணுங்கல். சீ, இந்தச் சனியன் மேடேறியும் விடாதா என்று தலையணையால் காதை மூடிக்கொண்டான்.

செங்கோதை பழைய தலைவரின் மகள். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தின்மேல் வளர்ந்தவள்.

"உங்களுக்குக் கேக்குதா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"என்ன?"

"சிணுங்கல்."

"பழகின காது, அப்படித்தான் கேக்கும். எனக்கும் பிரமைதான். பேசாம படு."

"எனக்குப் பிரமை இல்லைங்க."

"காத்தாட வந்து படுத்தா உனக்கு நிம்மதியா இருக்கத் தெரியலியே," என்று சலித்துக்கொண்டு அவன் இறங்கிப் போனான். அன்று வெங்காயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே நசுக்கிவிட்டான்.

அன்று சுரங்கத்தின் வாயில் முதல் ஆளாக நின்றவள் கூதளி. கல் சுமக்கும் பெண்களில் வாய்த்துடுக்குக்காரி. கேள்வியைக் கேட்க நெருங்கி வந்தவள், மூக்கை உறிஞ்சினாள்.

"தலைவர் வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். தித்தனும் சிரிக்கப் பார்த்தான். கூதளி சிரிக்கவில்லை. இன்னும் கிட்டே வந்தாள்.

"கொழம்பு வாயில மணக்கும் தலைவரே. உங்களுக்குக் கண்ணுல மணக்குது. தூங்கினீங்களா?"

தித்தன் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டான். எத்தனையோ நாள் சுலபமாக வந்த பொய் அன்று வரவில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

கூதளி தன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். அடுத்தவன் கடப்பாரையைக் கீழே வைத்தான். அதற்கடுத்தவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கையிலும் எதுவும் இல்லை.

தித்தனுக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு முதலில் வருவது அதுதானே. "நான் மனுஷன் இல்லையா? எனக்குத் தூக்கம் வராதா? தலைவன்னா தூங்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"தூங்குங்க. யார் வேண்டாம்னா?" என்றாள் கூதளி. "தலைவர் பெரண்டு படுக்கிறார்னு நெனச்சுத்தான் நாங்க எங்க புள்ளைங்களப் பக்கத்துல போட்டுத் தூங்கறோம். அந்தக் கட்டில்ல இப்ப யாரு படுக்கிறான்? அவனுக்கு எம்புள்ள பேரு தெரியுமா?"

 தித்தன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அப்போது மேட்டிலிருந்து யாரோ அவசரமாக இறங்கி வருவது தெரிந்தது. செங்கோதை. இடுப்பில் குழந்தை, தலை கலைந்து, மூச்சு இரைக்க வந்தாள்.

"பிரமைன்னீங்களே," என்றாள் எல்லோர் முன்னாலும். "அடுக்களையில எரிக்கக் கொண்டுவந்து ஒரு கூடை கல்லு வச்சிருக்கோமே, அதுதான் சிணுங்குது. இத்தனை நாள் பாத்திரம் கழுவுற தண்ணி தெறிச்சு அடங்கியிருக்கு, இப்ப மேட்டுக் காத்துல அவ்வளவும் காஞ்சு கெடக்கு. இருந்த தண்ணி எல்லாம் ஊத்திட்டேன், பத்தல. சத்தம் ஏறுது."

பார்த்தீர்களா? நிலவறைக் கல்லுக்குப் பயந்து ஓடியவன், போன இடத்துக்குச் சமையலுக்கென்று அதே கல்லைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். நாள்தோறும் அது அவன் தலையணைக்கு அந்தப்பக்கம் அழுதிருக்கிறது. அவனோ காதை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான்.

தித்தன் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினான். பாதி வழிகூடப் போகவில்லை. மேட்டிலிருந்து இறங்கி வந்த சிணுங்கல் இப்போது எல்லோருக்கும் கேட்டது. ஏறியது, இன்னும் ஏறியது, நின்றது.

வீடு இருந்த இடத்தில் ஒரு வெளிச்சம். பிறகு வீடு இல்லை.

குடம் உடைந்து, நனைந்த மண்ணில் தித்தன் கிடந்தான். அந்த மக்கள் அன்று தடுக்காமல் கீழே இறங்கியிருந்தால், ஓடி வந்த மனைவியிடம் மறுபடி ஒருமுறை "பிரமை" என்று சொல்லி, அவளையும் குழந்தையையும் அவன் மேட்டுக்கே திருப்பி அனுப்பியிருப்பான். அது அவனுக்கே தெரிந்தது. 

அந்த நேரம் ஊர் நடுவிலிருந்து இன்னொரு சிணுங்கல் கேட்டது. நிலவறை. மூன்றாவது ஆள் மீன்கூடையையும் போட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். காலையில் கவிழ்த்த தண்ணீர் எப்போதோ வற்றியிருந்தது.

ஊருக்கு வெளியே ஓட எல்லோருக்கும் நேரம் இருந்தது. தித்தனுக்கும் இருந்தது. அவன் எழுந்து ஊருக்குள் ஓடினான். கதவைத் தள்ளினான், ஒடிந்த கட்டிலைப் புரட்டினான், துளையில் மிச்சமிருந்த வைக்கோலை நகத்தால் பிடுங்கினான். குடம் எல்லாம் காலி.

"இந்தாங்க," என்றது ஒரு குரல். வாசலில் கூதளி ஒரு குடத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் செங்கோதை. செங்கோதைக்குப் பின்னால் ஓடைவரை வரிசையாக ஊர் நின்றது. குடம் கை மாறி வந்தது. தித்தன் ஊற்றினான், ஊற்றினான், ஊற்றிக்கொண்டே இருந்தான். சிணுங்கல் மெல்ல இறங்கி, விக்கி, அடங்கியது.

அன்று யாரும் சுரங்கத்தில் இறங்கவில்லை. வணிகனுக்கு மட்டும் தித்தனிடமிருந்து செய்தி போனது: என் காதுக்கு எட்டும் அளவுக்குத்தான் கல் சேரும், அதற்குமேல் வேண்டுமென்றால் உன் கட்டிலுக்கு அடியில் சேர்த்துக்கொள். வணிகன் பதில் அனுப்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் சுரங்கத்தின் வாயில் எல்லோரும் கூடினார்கள். தித்தன் வந்து நின்றான். கண் இரண்டும் கோவைப்பழம். கூதளி பக்கத்தில் வந்து நன்றாக மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"தூங்கினீங்களா தலைவரே?"

"எங்க தூங்கினேன்?" என்றான் தித்தன். கொட்டாவி வந்து பேச்சை மறித்தது.

கூதளி கூடையை எடுத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

ஆகவே கேட்டவர்களே, தூங்காமல் கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பிறரை ஆபத்தின்மேல் குடிவைத்துவிட்டுத் தான் விலகிப் படுப்பவன் தலைவனாகவும் இருக்க முடியாது, பத்திரமாகவும் இருக்க முடியாது.