ஓர் உயிரும் சேதமில்லை

“ஓர் உயிரும் சேதமில்லை என்று எழுதினாயே, படுபாவி, உனக்குக் கண் அவிந்தா போயிற்று?”

ஏரி மதகில் நட்டிருந்த கல்லைப் பார்த்து ஏறன் போட்ட கூச்சல் அது. எழுதியவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. எவனாக இருந்தாலும் கையில் கிடைத்தால் தண்ணீரில் போட்டு அமுக்கிவிடும் ஆத்திரம் மட்டும் இருந்தது.

பக்கத்தில் குரத்தி நின்றிருந்தாள். குன்றின்மேல் இருக்கும் சமணப் பள்ளியில் பாடம் சொல்லும் துறவி அவள். ஏறனைவிடப் பத்து வயதாவது இளையவள். ஊர் ஊராக உப்பு விற்று, தொண்டை பலத்தாலேயே பிழைத்தவன் ஏறன். ஐம்பது தாண்டிய பிறகு அவளிடம் வந்து எழுத்துப் படித்தான். இந்தக் கல்லைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். இன்று படித்துவிட்டான்.

‘மன்னர் யானைகளோடு வந்து ஏரி உடைப்பை அடைத்தார். ஓர் உயிரும் சேதமில்லை.’

யானை வந்தது மெய்தான். ஊர்க்காரர்கள் உடைப்பை அடைத்து முடித்த மூன்றாம் நாள், நெற்றிப்பட்டம் கட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன்பே கரை சரிந்து நாலு பேர் மண்ணுக்குள் போயிருந்தார்கள். அதில் ஒருவன் ஏறனின் தம்பி காரி. உடல்கூடக் கிடைக்கவில்லை.

கல்லே சேதமில்லை என்ற பிறகு யார் வாய் திறப்பார்கள்? நாலு பேரும் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. பேசிப் பேசி அதுவே உண்மையாகிவிட்டது. காரியின் மனைவி நங்கை பன்னிரண்டு வருஷமாக, அவன் திரும்பி வருவான் என்று, ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டே உலை வைக்கிறாள். ஏறனும் அதற்குக் குறைந்தவனில்லை. சந்தைக் கூட்டத்தில் தம்பியுடையதைப் போல ஒரு முதுகைக் கண்டால் போதும், “காரி, டேய் காரி!” என்று, அளந்துகொண்டிருந்த உப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். திரும்பும் முகம் யாருடையதாகவோ இருக்கும்.

“ஓலை எடுங்கள் அம்மா” என்றான். “நீங்கள் எழுதினால் நாட்டுச் சபை காது கொடுக்கும். காரி செத்தான் என்று கல்லில் ஏறட்டும். அந்தப் பெண் அழுதாவது முடிக்கட்டும்.”

குரத்தி உட்கார்ந்து எழுத்தாணியை எடுத்தாள். “சொல்லுங்கள்.”

“கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வரணும் என்று பறையறைந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து தம்பி தானாகவே முன்வந்து போனான்.”

எழுத்தாணி நின்றது.

“அன்றைக்கு உங்கள் வீட்டில் யார் முறை?”

“அது எதற்கு இப்போது?”

“சபை கேட்கும்.”

“சபையாவது கேட்கிறதாவது. நீங்கள்தான் கேட்கிறீர்கள்.”

“சரி, நான்தான் கேட்கிறேன்.”

ஏறன் தண்ணீரைப் பார்த்தான்.

“என் முறை. உப்பு வண்டி பூட்டி நின்றது. மழையில் மாட்டினால் மொத்தமும் கரைந்துவிடும். ‘போடா’ என்றேன். சோற்றில் கை வைத்திருந்தான். அப்படியே உதறிவிட்டு எழுந்து போனான்.”

“நங்கைக்குத் தெரியுமா?”

“தானாகப் போனான் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.”

 பிறகு ஏறனுக்குச் சந்தைக் குரல் திரும்பியது.

“இங்கே பாருங்கள் அம்மா. மன்னர் பொய்யைப் போட்டு உடைப்போம். யானை, நெற்றிப்பட்டம், ஒன்றையும் விட வேண்டாம். என்னுடையது ஒரே ஒரு வரி. அதனால் யார் குடி முழுகப் போகிறது? நான் அனுப்பியதும் வேண்டாம், அவன் தானாகப் போனதும் வேண்டாம். ‘போனான்’ என்று மட்டும் எழுதுங்கள். உங்களுக்கும் பொய் இல்லை, எனக்கும் தொல்லை இல்லை.”

“அரண்மனையிலும் ஒரே ஒரு வரி என்றுதான் கேட்டிருப்பார்கள்.”

“மன்னரும் நானும் ஒன்றா?” என்று சீறினான்.

“உங்கள் வீட்டில் அன்றைக்கு யார் மன்னர்?”

  ஏறன் அப்படியே மதகுப் படியில் உட்கார்ந்தான்.

“ஒரே ஒரு தடவை அவன் வந்தால் போதும் அம்மா. திட்டட்டும், அடிக்கட்டும். மூத்தவன் என்று பார்க்காமல் அவன் காலில் விழுந்து சொல்லிவிடுவேன்.”

குரத்தி எழுந்து, எழுதி முடிக்காத ஓலையை அவன் கையில் கொடுத்தாள்.

“அவர் வரமாட்டார், ஏறரே. நங்கை இருக்கிறார். மன்னரின் வரியைத் திருத்தச் சொல்லிச் சபையில் நான் நிற்கிறேன், அடித்துத் துரத்தினாலும் நிற்கிறேன். உங்கள் வரியை இன்றைக்கே, நங்கையின் முன்னால் நின்று, நீங்கள் திருத்துங்கள்.”