வெண்ணெய் திரளாத வீடு

நத்தமேட்டுக்காரர்கள் அறிவாளிகள். நத்தமேட்டில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த ஊர் சடையாண்டிக்கு நாலு மூங்கில் கால் மேல் நிற்கும் ஓலைக் குடிசை, ஒரு எருமை, வெள்ளத்தாய் என்று ஒரு பெண்டாட்டி. சித்திரை வெயிலில் ஒருநாள் தயிர் இளகிப்போய், அவள் எவ்வளவு கடைந்தும் நுரைதான் வந்தது. அன்றைக்கே வைக்கோற்போரில் ஒரு முட்டை கிடந்தது. சடையாண்டி எட்ட நின்று அதைக் குச்சியால் தட்டிப் பார்த்தார்.

"செய்வினைடி! பக்கத்து வீட்டுப் பேச்சியப்பன் வேலை."

"கோழி இட்டிருக்கும்யா."

"கோழிக்கும் எனக்கும் என்னடி பகை?"

ஊர் கூடியது. நாட்டாமை ஒச்சு விசாரித்தார்.

"பேச்சியப்பன் உங்கிட்ட சண்டை போட்டானா?"

"இல்ல மாமா. போன வாரம் என்னையப் பாத்துச் சிரிச்சான்."

கூட்டம் திடுக்கிட்டது. "எங்கிட்டயும் 'சாப்ட்டியா'ன்னு கேட்டான்," என்று ஒருத்தர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பக்கத்து ஊர்க் கோடாங்கி உடுக்கையடித்துக் குறி சொன்னார்: "கடையிற கயித்துல ஒரு முனைய நீ பிடி, மறுமுனைய அவங்கிட்டக் குடு. குத்தம் செஞ்சவன் கயித்த விட்ருவான். வெண்ணெய் திரளுற வரைக்கும் வீட்டைவிட்டு ஒரு துரும்பு வெளிய போகப்படாது."

அடுப்புப் புகையும் போகக் கூடாதே என்று சடையாண்டி கூரை இடுக்கையெல்லாம் சாக்கு வைத்து அடைத்தார். பேச்சியப்பன் இருமிக்கொண்டே வந்து கயிற்றைப் பிடித்தார். இருவரும் இழுத்தார்கள். மத்து அசையவில்லை.

"ஒருத்தர் இழுத்தா ஒருத்தர் தளர்த்தணும்யா! அப்பத்தான மத்து சுத்தும்?" என்று கத்தினாள் வெள்ளத்தாய்.

"தளர்த்துனா நான் குத்தவாளி ஆயிருவனே," என்றார் பேச்சியப்பன்.

"நான் தளர்த்துனா, எனக்கு நானே செய்வினை வச்சதா ஆயிரும்ல?" என்றார் சடையாண்டி.

பொழுது சாயும்வரை இழுத்தார்கள். வெள்ளத்தாய் சேலையை மூட்டை கட்டினாள். "போதும்யா ஒங்கூடக் குடும்பம் நடத்துனது. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

சடையாண்டி கயிற்றை விடாமலே அழுதார். "ஒன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா? துரும்பே போகப்படாதுங்கறப்ப பெண்டாட்டி எப்படிப் போவா?"

"என்னையப் போகவிடாம நிறுத்துனா கெணத்துல விழுவேன்!"

ஊர் மறுபடி கூடியது. ஒச்சு வெகுநேரம் மீசையைத் தடவினார். "வெள்ளத்தாயி வீட்டைவிட்டுத்தான போகப்படாது? வீட்டோட போனா?"

அடடா என்றது ஊர். ஆண்பிள்ளைகள் சுவர்த் தட்டிகளை அவிழ்த்துக் கூரையில் செருகி, மூங்கில் கால்களைப் பிடுங்கிக் கூரையோடு தோளில் ஏற்றினார்கள். குடிசை தெருவில் நடந்தது. உள்ளே முன்னால் மூட்டையோடு வெள்ளத்தாய். அவள் பின்னால் ஒருத்தர் தயிர்ப்பானையை ஏந்தி வர, கயிறு தளராமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள் சடையாண்டியும் பேச்சியப்பனும். வாலில் ஒட்டி ஒரு துரும்பு வெளியே போய்விடுமோ என்று எருமையையும் உள்ளேயே ஓட்டினார்கள்.

வெள்ளத்தாயின் அம்மா ஊர் எல்லையில் குடிசை நின்றது. மாமியார் ஓடிவந்தாள்.

"என்னடி ஆத்தா, இப்படி வந்து நிக்கிற?"

"இந்த ஆளோட ஒரே வீட்ல இனி இருக்க மாட்டேன்னு வந்துட்டேம்மா!"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, கயிற்றை இழுத்தபடியே, சடையாண்டி மரியாதை குறையாமல் எட்டிப் பார்த்தார்.

"வாங்கத்தை. வெளியவே நிக்கிறீங்களே, உள்ள வாங்க."