கும்பிட்ட கைகள்

ஆற்றங்கரை மடத்து வடிவம்மைக்கு அம்பலவாணரைவிட வயது கம்மி. ஆனாலும் அவருக்குத் தேவாரம் கற்றுக்கொடுத்தவர் வடிவம்மைதான், அதனால் குரு. தலை நரைத்த சீடர் ஒரு நாள் சாயங்காலம் செல்போனும் கையுமாக வந்து நின்றார். உட்காரக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, எனக்கு மாசிலாமணி ஞாபகமாவே இருக்கு."

மாசிலாமணி யாரென்று சொல்லிவிடுகிறேன். அம்பலவாணர் நடத்தும் தேவார வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர். விடிந்ததும் எல்லாரும் பாடி அனுப்புவார்கள். அவர் ஒவ்வொன்றையும் கேட்பார், முழுசாகக் கேட்பார். பிறகு அவர் குரல் வரும். முதலில் ஓர் இருமல். அப்புறம், "ரெண்டாவது அடி இறங்கிப் போச்சு. மறுபடி பாடு."

நல்ல மனுஷன், வாய்தான் பொல்லாதது. உமையாள் என்ற புதுப்பெண் பாடி அனுப்பியபோது, "இது பாட்டா, இல்லே ஏலம் விடறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அம்பலவாணர் அன்றைக்கே அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்.

"இப்ப குழு எப்படி இருக்கு?" என்று கேட்டார் அம்மை.

"அமைதியா இருக்கும்மா. எது பாடினாலும் கும்பிடற கை, பூ. நேத்து எனக்குத் தொண்டை கட்டிப் பாதியிலயே நின்னுபோச்சு. அதுக்கும் கும்பிடறாங்க! அடுத்த வாரம் திருவிழாவுல பாடணும். நல்லா இருக்கா, இல்லையான்னு சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த இருமலுக்கு ஏங்கறேம்மா."

"எங்கே, பாடுங்க."

பாடினார். அம்மை கைகூப்பினார்.

அடுத்த பாட்டில் வேண்டுமென்றே ஓர் அடியைத் தப்பாகப் பாடினார். அம்மை அதே மாதிரி கைகூப்பினார்.

"அம்மா, நீங்க கேட்டீங்களா இல்லையா?" அம்பலவாணருக்குக் குரல் உடைந்துவிட்டது.

"உமையாள் பாட்டுக்கு நீங்க என்ன அனுப்பினீங்க?"

"கும்பிடற கை. கொஞ்சம் பூ."

"அதுல பிழை இருந்துதா?"

"இருந்துது. மூச்சு விடாம ஓடினா."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"மனசு நோகுமேன்னு..." அம்பலவாணர் இழுத்தார். "அவ அப்புறம் பாடவே இல்லைம்மா."

அம்பலவாணர் இப்போதுதான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாசிலாமணிகிட்ட மன்னிப்புக் கேக்கட்டுமா?"

"அது அப்புறம். முதல்ல அவர் நம்பருக்குப் பாடி அனுப்புங்க. பிழை இருந்தா அந்த மனுஷனால சும்மா இருக்க முடியாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்பலவாணர் சிரித்தார். உடனே பயமும் வந்துவிட்டது.

"உமையாளையும் திரும்பப் பாடக் கூப்பிடணும். குழுவுக்குத் திரும்பி வந்து அவர் மறுபடி அவளை ஏதாவது சொல்லிட்டா?"

"அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ பிழையை நீங்க சொல்லிடுங்க."