உபதேசியார் தாண்டிய பக்கம்

கிராமத்துக் கோயிலில் ஜெபம் நடத்தும் இன்னாசிமுத்து உபதேசியாருக்கு வயது ஐம்பத்தெட்டு. பயிற்சி நிலையத்தில் அவருக்குத் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்த சிஸ்டர் மார்சலினுக்கு முப்பத்துநாலு. வயதைப் பார்த்தால் பாடம் நடக்குமா? நடந்தது. அதுதான் வினையாகிப் போனது.

பயிற்சி முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. மனிதர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்பறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன உபதேசியாரே, பஸ்ஸுக்கா?"

"ஆமா சிஸ்டர். இனி இந்த உபதேசியார் வேலையே வேண்டாம். காசு கொடுத்துப் பதவி வாங்கின போப்பாண்டவர், செத்தவரைத் தோண்டியெடுத்து விசாரிச்ச போப்பாண்டவர்... ராத்திரி பூரா நெஞ்சு படபடன்னு அடிக்குது. இதையெல்லாம் ஏன் சொன்னீங்க?"

"நடந்ததாச்சே."

"நடந்தா? வீட்டுக் குப்பையை நடுத்தெருவிலயா கொட்டுவாங்க? என் தம்பி தொம்மை கோயிலுக்குள்ள காலெடுத்து வச்சே பதினோரு வருஷமாச்சு. போலீஸ் என்னைப் பொய்க்கேஸ்ல பிடிச்சப்ப, பயத்துல 'இவன் யாருன்னே தெரியாது'ன்னுட்டான். நான் அன்னைக்கே மன்னிச்சாச்சு. அவனுக்குத்தான் மனசு ஆறல. ஞாயித்துக்கிழமை வருவான், வெளியே புளியமரத்தடியிலயே நின்னுட்டுப் போயிடுவான். இந்தக் குருத்து ஞாயிறாவது உள்ள வாடான்னு கெஞ்சியிருக்கேன். இந்தக் கதையெல்லாம் அவன் காதுல விழுந்தா, நிக்கிற இடத்தையும் விட்டுல்லா போயிருவான்!"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சிஸ்டர் பைபிளை எடுத்து நீட்டினார்.

"சாமியார் வராத ஊர் உங்களுது. குருத்து ஞாயிறுக்குச் சேசுவோட பாடுகளை நீங்கதான வாசிப்பீங்க? பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு. மாற்கு நற்செய்தியை எடுங்க. ஊர்ல வாசிக்கிற மாதிரியே வாசிங்க."

வாசித்தார். நல்ல கணீர்க் குரல். கைது முடிந்தது, தலைமைக் குருவின் விசாரணை முடிந்தது. பிலாத்துவிடம் வந்துவிட்டார்.

"நில்லுங்க. நடுவுல ஒரு சேவல் கூவணுமே, அது எங்க?"

உபதேசியார் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஊர்ல இராயப்பர் கோயில் சிஸ்டர். இராயப்பர்னா பேதுருதான், எங்க பாதுகாவலர். போதாக்குறைக்கு முதல் போப்பாண்டவர். அவர் சேசுவைத் தெரியாதுன்னு மூணு தடவை சொன்னதை அவர் சுரூபத்துக்கு முன்னாலயே எப்படி வாசிக்க? எங்கப்பா காலத்துல இருந்தே அந்த இடத்தைத் தாண்டிருவோம்."

"மத்த சீடர்கள் எல்லாரும் ஓடிப்போயாச்சு. தலைமைக் குரு வீட்டு முற்றத்துல பேதுரு ஒருத்தர்தான். அப்போ இது மாற்குக்கு எப்படித் தெரிஞ்சுது?"

உபதேசியார் புத்தகத்தைப் புரட்டினார். முன்பக்கம் போனார், திரும்பி வந்தார்.

"அவரே சொன்னாத்தான் உண்டு."

"சொன்னவரை வெளியே நிறுத்திட்டாங்களா?"

"அதெப்படி? ஆட்டு மந்தைன்னு சொல்லி சபையையே சேசு அவர் கையிலதான..."

பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

சேவல் கூவும் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் தாண்டமாட்டேன்," என்றார். "ஆனா பயமாத்தான் இருக்கு. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவா வாசிச்சுக்கலாமா சிஸ்டர்?"

"புளியமரத்தடிக்குக் கேக்கணும்."